தொண்ணூற்றைந்து அடி

கொருக்குப்பேட்டை கேட் விழுந்து
சரக்கு வண்டி நகராமல் நின்ற ஒரு மாலை
ஜெர்வாஸ் வந்தார், சட்டைப் பையில் ஒரு டப்பா.
"எழுத்து பஞ்ச் செட் கீதா? மூணு எம்எம்.
வாடகைக்குதான். சுத்தியும் குடு.
அப்பறம் நீ கொஞ்சம் வெளிய நிக்கணும்."

என் பட்டறையில் என்னையே வெளியே நிற்கச் சொன்ன
முதல் ஆள் அவர்.

கப்பலில் எலக்ட்ரீஷியன். கம்பெனி திவாலாகி
ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே
நங்கூரத்தோடு ஒன்பது மாதம்.
கடைசியில் சம்பளத்தைக்
கையால் தொட முடியாத காசாகக் கொடுத்தார்களாம்.
"நாணயம் இல்லாதவன் குடுத்த நாணயம்" என்றார்,
சிரிக்காமல்.
இவ்வளவு நாளும் அது எவனுடைய ஆப்பிலோ கிடந்தது.
அந்த ஆப் போன மாதம் இரண்டு நாள் திறக்கவில்லை.
திறந்த அன்றே இதற்கு ஆர்டர் போட்டார்.

டார்ச் அடித்து டப்பாவின் சீலை
நான்கு பக்கமும் பார்த்தார்,
வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல.
உள்ளே கட்டைவிரல் நீளத்தில் ஒரு சாமான்.
"பணம் இதுக்குள்ளயா?"
"சாவி மட்டும்."
"பின்ன பணம் எங்க?"
"அது ஊர் ஒலகத்துக் கணக்குல எல்லாம் எழுதிக்கீது.
எடுக்கத்தான் என் சாவி வேணும்."

சாமான் இருபத்து நான்கு இங்கிலீஷ் சொற்களைக் காட்டும்.
போட்டோ கூடாது, போனில் அடிக்கக் கூடாது,
வாய்விட்டுப் படிக்கவும் கூடாது.
தாளில் எழுதலாம்.
ஆனால் அவர் வீடு எர்ணாவூரில், தரைத்தளம்.
எண்ணெய் கலந்த வெள்ளம் வந்த வருஷம்
ரேஷன் கார்டும் பிள்ளைகளின் ஞானஸ்நான சர்டிபிகேட்டும்
ஒரே கறுப்புக் கூழாகி
பீரோவின் கீழ்த்தட்டில் ஒட்டிக் கிடந்தன.
அதனால் எஃகு.

ஒரு எம்எம் தகடு வெட்டி, விளிம்பு ராவி,
தேக்குக் கட்டைமேல் வைத்துக் கொடுத்துவிட்டு
ஷட்டரை முழங்கால் வரை இறக்கினேன்.

டங்.

வெளியே நிற்பவன் எண்ணாமல் இருக்க முடியுமா?
வால்வு டேக் அடித்துச் சோறு தின்கிற காது இது.
நாலு அடி, ஒரு மூச்சு.
நாலு அடி, ஒரு மூச்சு.
சொல்லுக்கு முதல் நாலெழுத்து போதுமாம்,
அதற்குள் ஒன்று இன்னொன்றாகிவிடாதாம்.
ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் மூன்று அடி விழுந்தது.
எத்தனையாவது என்று இங்கே எழுத மாட்டேன்.

வியர்வையோடு வெளியே வந்தவரிடம்
"தொண்ணூத்தஞ்சு" என்றேன்.
சொல்லாமல் வைத்திருப்பது திருட்டு மாதிரி இருந்தது.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
"ஆமா, ஒருத்தன் குள்ளம்."

அப்புறம்தான் பெரிய வேலை.
காசு இன்னும் ஏற்றவில்லை, வெறும் முகவரிதான்.
அதன் தலையையும் வாலையும்
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு
வேண்டுமென்றே தப்பு நம்பரை அழுத்தினார்.
மறுபடி தப்பு.
மூன்றாவதற்கு முன் ஒரு பீடி.
அழுத்தினார்.
சாமான் அவர் யாரென்று மறந்துபோனது.

மீண்டும் ஷட்டர். இந்த முறை சத்தமே இல்லை.
தகட்டைப் பார்த்துப் பார்த்து
ஒவ்வொரு சொல்லாக அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.
சரக்கு வண்டி கிளம்பிப் போய், கேட் தூக்கி,
ஆட்டோக்கள் ஹாரனால் திட்டிக்கொண்டு கடந்தன.
உள்ளிருந்து ஒரு குரல்:
"அதேதான். அதேதான்."
உள்ளங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாடகை நூற்றைம்பது.
தகடு பனியனுக்குள் போனது.
எங்கே வைப்பார் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

ராத்திரி கடை பூட்டும்போது
தேக்குக் கட்டையில் கை பட்டது.
தகட்டைத் தாண்டி இறங்கியிருந்தன அடிகள்.
விரல் நுனியில் ஒரு வளைவு, ஒரு கோடு;
எஸ் ஆக இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம்.
லைட்டைப் போட்டால் படித்துவிடலாம்.
போடவில்லை. நம்புவது உங்கள் இஷ்டம்.
இருட்டிலேயே இழைப்புளியைத் தேடி எடுத்து
கட்டை வழுவழுப்பாகும் வரை தள்ளினேன்.

சுருள் சுருளாக விழுந்ததை அள்ளி
கேட்டோரம் மீன் வறுக்கும் தெய்வானையின்
அடுப்பில் போட்டேன்.
குப்பென்று பிடித்துக்கொண்டது.

அன்றைக்குச் சங்கரா
கொஞ்சம் தீய்ந்துதான் போனது.